நாற்பத்தொன்றாம் பெட்டியின் நடை

எலும்பம்மாவின் கட்டைவிரல் பொய் சொல்லாது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. மனித இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் வளைவாக ஒரு வெட்டு இருக்கும். அதில் கட்டைவிரலை வைத்து அசைத்துப் பார்ப்பாள். விரல் தாராளமாக ஆடினால் பெண், ஆட இடமில்லாமல் இறுகினால் ஆண். பட்டம் வாங்கியவர்கள் அளவுகருவியும் அட்டவணையுமாக வந்து, அரை நாள் மல்லுக்கட்டி, கடைசியில் அவள் சொன்னதையே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவள் ஒன்றும் டாக்டர் இல்லை. இருபது வயதில் தரை துடைக்க வந்தவள். கீழ்த்தளத்தின் கடைசி அறையைத் துடைக்க வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் அது அவள் தலையில் விழுந்தது. காட்டில், கிணற்றில், இடிந்த வீட்டில் என்று எங்கெங்கிருந்தோ போலீஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு வரும் பேரில்லாத எலும்புகள் அந்த அறைக்குத்தான் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய பிரஷால் தேய்த்துக் கழுவி, தட்டில் பரப்பி உலர்த்தி, பெட்டியில் அடுக்கி, மேலே சீட்டு ஒட்ட வேண்டும். எண், தேதி, கிடைத்த இடம், உத்தேச வயது, ஆணா பெண்ணா. முதல் வருஷம் துடைத்தாள். இரண்டாம் வருஷம் கழுவினாள். மூன்றாம் வருஷம் சீட்டே அவள் கையெழுத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஓடிப்போயிற்று. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம்.

அவள் வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். "நான் உசுரோட இருக்கிறவங்களை மேல அனுப்பறேன், இவ அதுக்கப்புறம் உள்ளவங்களை கீழ வெச்சுப் பாத்துக்கறா. குடும்பமே சேவைதான்" என்று லிஃப்டில் ஏறும் எல்லோரிடமும் சொல்வார். நல்ல மனுஷர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். கூரையை ஒட்டி, தெருவின் மட்டத்தில். அதன் வழியே பார்த்தால் போகிறவர் வருகிறவரின் கால்கள் மட்டும் தெரியும், முழங்காலுக்கு மேலே ஒன்றும் தெரியாது. மதியம் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது லிஃப்ட்காரர் பந்தயம் கட்டுவார். "இப்ப வர்ற கால்?" "பொம்பள." "பேன்ட் போட்டிருக்கு, பூட்ஸ் போட்டிருக்கு, எப்படி சொல்ற?" "முட்டி உள்பக்கமா வருது பாருங்க. இடுப்பு அகலம், அதனால தொடை சாஞ்சுதான் முட்டிக்கு வரணும்." அவர் ஓடிப்போய் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்புவார். எப்போதாவது அவள் தோற்பதும் உண்டு. தோற்றால் அன்றைக்கு முழுக்க அவர் கால் தரையில் பாவாது.

ஜன்னலில் தெரிகிற கால்கள் அவளைப் பயமுறுத்தியதில்லை. தெரியாத கால்கள்தான் பயமுறுத்தின.

அறையில் மூன்று வரிசையாக இரும்பு அலமாரிகள். மூன்றாவது வரிசைக்குள் நுழைந்தால் பின்னால் ஒரு நடை கேட்கும். தட்... சர்ர். தட்... சர்ர். ஒரு கால் முழு பாரத்தோடு ஊன்றும், மற்றக் கால் இழுபடும். பட்டப்பகலில், விளக்கு எரியும்போதே கேட்கும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். முதலில் தெருவில் யாரோ போகிறார்கள் என்று ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலில் வெயில் மட்டும் இருந்தது. எலி என்று பொறி வைத்தாள். பொறியில் ஒன்றும் விழவில்லை. குழாய் என்றாள். குழாய்க்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் குழாயே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது யாருடைய நடை என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் அம்மா ஒரு கல்குவாரியில் கல் சுமந்தவள். பள்ளத்தின் அடியிலிருந்து சரிவில் ஏறி மேலே நிற்கும் லாரிவரை, தலையில் சும்மாடு, அதன்மேல் இரும்புச் சட்டி, சட்டி நிறைய உடைத்த கல். பதினெட்டு வயதிலிருந்து அதே வேலை. தோளும் முன்கையும் முறுக்கேறிக் கிடக்கும். ஒருமுறை மேஸ்திரி அசைக்க முடியாத ஒரு பாறைத்துண்டை அம்மா தனியாகப் புரட்டிவிட்டாள். "நீ ஆம்பளையா பொறந்திருக்க வேண்டியவ" என்றார் மேஸ்திரி. "ஏன், பொம்பள கூப்பிட்டா கல்லு வரமாட்டேங்குதா?" என்று கேட்டாள் அம்மா. குவாரி முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்திருப்பாள், தலையில் பாரம் இல்லாவிட்டால்.

பாரத்தோடு போகும்போது அம்மா நிற்கவே மாட்டாள். சின்ன வயதில் மகள் பின்னாலேயே ஓடுவாள். "மெதுவா போம்மா" என்று அழுவாள். "நின்னா கழுத்துல எறங்கும்டி. பின்னாடியே வா" என்று திரும்பிப் பார்க்காமலே அம்மா சொல்வாள். அந்தக் குழந்தைக்கு உலகம் என்பதே தனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும் ஒரு முதுகுதான். இரவில்தான் அந்த முதுகு திரும்பும். அம்மாவின் இடது முன்கை ஒருமுறை கல் உருண்டு ஒடிந்து, இரண்டு குச்சி வைத்துக் கட்டி, கோணலாகக் கூடியிருந்தது. கூடிய இடத்தில் சின்னதாக ஒரு முண்டு. அதன்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டேதான் மகள் தூங்குவாள். பத்து வயதானபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதற்குள் அம்மாவுக்கு வலது கால் இழுக்கத் தொடங்கியிருந்தது, அப்போதும் அவள் பாரத்தோடு நின்றதில்லை.

மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மா ஒரு நாள் வேலைக்குப் போனாள், திரும்பவில்லை. அதே வாரம் ஒரு லாரி டிரைவரும் வேலையை விட்டுப் போய்விட்டான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சித்தியே வீடு தேடி வந்து, "உங்கம்மா ஓடிட்டாடி. இனி அவளுக்காகக் கண்ணைக் கசக்காத" என்று சொன்னாள். மகள் போலீஸில் எழுதிக்கொடுத்தாள். ஒரு வருஷம் வாசலைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். எங்கோ ஒரு ஊரில் அம்மா யாருக்கோ சமைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தால் நெஞ்சு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலில் ஒரு வசதி இருந்தது. எரிச்சல் இருக்கிறவரை அம்மா உயிரோடு இருந்தாள்.

உயிரோடு இருக்கிறவளின் நடை எலும்பு அறையில் எப்படிக் கேட்கும்? கேட்கக் கூடாது. ஆகவே அது எலிதான்.

கல்யாணமான புதிதில் லிஃப்ட்காரர் சண்டை போடும்போதெல்லாம், "நீயும் உங்கம்மா மாதிரி ஓடிடாத" என்பார். விளையாட்டாகத்தான். அந்த விளையாட்டு முப்பது வருஷமாகியும் அவருக்குச் சலிக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் பெட்டி அவள் சேர்ந்த மூன்றாம் வருஷம் வந்தது. கிடைத்த இடம் என்று போலீஸ்காரர் சொன்னதைக் கேட்டு அவள் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. அம்மா வேலை செய்த குவாரிக்குப் பின்னால் இருந்த பழைய பள்ளம். தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பாதிதான் கிடைத்திருந்தது. இடுப்பெலும்பு இல்லை, கீழ்த்தாடை இல்லை, இடது கை இல்லை. துணி எல்லாம் மக்கிப் போயிருந்தது.

அப்போது இருந்த பெரிய டாக்டர் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கப் பிடிக்காதவர். "இடுப்பு இல்லையேம்மா. கையில எடுத்துப் பாத்து நீயே சொல்லு" என்றார். எலும்பம்மா தொடையெலும்பை எடுத்தாள். கனமாக இருந்தது. பின்பக்கத்தில் தசை ஒட்டும் இடம் வரப்பு மாதிரி மேடு கட்டியிருந்தது. மண்டையோட்டின் பின்னால் கழுத்துத் தசை பிடிக்கும் இடத்தில் பெரிய முடிச்சு. தோள் எலும்பு தடித்திருந்தது. இவ்வளவு உரம் ஆணுக்குத்தான் இருக்கும். பார்க்கப் பார்க்க அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆம்பள, சார். சந்தேகமே இல்ல."

பெரிய டாக்டரும் மண்டையோட்டின் முடிச்சைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அளவெடுக்கும் கருவி துருப்பிடித்து மேசை டிராயரில் கிடந்தது. போலீஸ்காரர் தன் பட்டியலைப் புரட்டினார். "அந்தப் பக்கத்துல காணாமப் போனது ஒரே ஒரு பொம்பளதான். அப்ப இது அவ இல்ல" என்று சொல்லி மூடினார். அந்தப் பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. சீட்டில் கொட்டை எழுத்தில் 'ஆண்' என்று எழுதி ஒட்டினாள். அன்று சாயங்காலம் அம்மாவை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். திட்டத் திட்ட சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருஷம் பள்ளம் வறண்டபோது இன்னும் சில எலும்புகள் கிடைத்தன என்று ஒரு துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பையில் நாற்பத்தொன்று என்று எழுதி, மூன்றாவது வரிசையில் அந்தப் பெட்டிக்கு மேலேயே வைத்தாள். அந்த அறையில் அவள் பிரிக்காத முடிச்சு அது ஒன்றுதான். வேலை அதிகம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. நடை கேட்க ஆரம்பித்தது அந்த வாரத்திலிருந்து.

இந்த வருஷம் சின்ன டாக்டர் வந்தாள். முப்பது வயது இருக்கும். தடை தாண்டும் ஓட்டத்தில் குதித்து இறங்கும்போது முழங்கால் ஜவ்வு அறுந்து, காலில் பட்டை போட்டுக்கொண்டு வந்தாள். "பொம்பளைங்களுக்கு இது அதிகமா நடக்கும்மா. குதிச்சு எறங்கும்போது முட்டி உள்ள மடங்கும்" என்றாள். "தெரியும் டாக்டர், ஜன்னல்ல தினம் பாக்கறேனே" என்றாள் எலும்பம்மா. அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று. அறையை மாடிக்கு மாற்றப்போகிறார்கள், மாற்றும் முன் எல்லாப் பெட்டியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு. இருவருமாக நாளுக்கு மூன்று பெட்டி பிரித்தார்கள். நாற்பதுவரை எலும்பம்மாவின் சீட்டில் ஒரு பிழை இல்லை. சின்ன டாக்டர் அசந்துபோனாள்.

நாற்பத்தொன்றைத் திறந்த நாள் காலையிலேயே நடை கேட்டது. மூன்றாவது வரிசையில் இல்லை. கதவிலிருந்து மேசைவரை, அவள் பின்னாலேயே வந்தது.

"இதுக்கு ஆண்னு எழுதினது யாரும்மா?"

"நான்தான் டாக்டர். தொடையில எவ்ளோ மேடு பாருங்க. கழுத்துப் பக்கம் பாருங்க."

சின்ன டாக்டர் புதுக் கருவியால் தொடையெலும்பின் பந்து போன்ற தலையை அளந்தாள். நாற்பத்துநான்கு மில்லிமீட்டர். உதட்டைப் பிதுக்கினாள். "நடுவுல நிக்குது. இந்தப் பக்கமும் சேக்க முடியாது, அந்தப் பக்கமும் சேக்க முடியாது. மேட்டை மட்டும் வெச்சு சொல்லக் கூடாதும்மா. தசை இழுக்க இழுக்க எலும்பு அங்க தடிக்கும். பொதுவா ஆம்பளைக்கு தசை அதிகம், அதனால மேடும் அதிகம், அவ்வளவுதான். ஆனா இழுக்கிற தசைக்கு தான் ஆம்பளையா பொம்பளையான்னு தெரியுமா என்ன? இருபது வருஷம் பாரம் சுமந்தா யாருக்கும் இது வரும்."

எலும்பம்மா கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுத்தெலும்பு எல்லாம் நசுங்கியிருக்கு. தலையில சுமந்திருக்காங்க" என்று சின்ன டாக்டர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். வலது தொடையெலும்பை விளக்கடியில் பிடித்தாள். அதன் தலை கண்ணாடிபோலப் பளபளத்தது. "அடப்பாவமே. மூட்டுல மெத்தையே இல்ல, எலும்போட எலும்பு உரசி மெருகேறிப் போச்சு. என்ன வலி வலிச்சிருக்கும். இவங்க நடந்தா எப்படி இருக்கும் தெரியுமா? பாரமெல்லாம் இடது கால்ல. வலது கால் இழுத்துக்கும்." அவள் விரல் முட்டியால் மேசையைத் தட்டினாள். பிறகு உள்ளங்கையை மேசைமேல் இழுத்தாள்.

தட்... சர்ர்.

எலும்பம்மாவுக்குப் பின்னால், அலமாரிப் பக்கத்திலிருந்து, அதே சத்தம் ஒருமுறை பதிலுக்குக் கேட்டது. சின்ன டாக்டர் நிமிர்ந்தாள். "யாரு?" என்றாள். அவள் கை அப்படியே மேசைமேல் நின்றிருந்தது. முப்பது வருஷத்தில் இன்னொருவர் காதில் அது விழுந்தது அன்றுதான்.

"அந்தப் பையைப் பிரிக்கணும் டாக்டர்" என்றாள் எலும்பம்மா.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். முதலில் வந்தது பாதி இடுப்பெலும்பு. தொடையெலும்பின் தலையை அதன் குழியில் வைத்தாள். அங்கும் அதே கண்ணாடி மெருகு. ஒன்றோடொன்று பிசகாமல் உட்கார்ந்தது. திருப்பி, பின்பக்கத்து வெட்டில் கட்டைவிரலை வைத்தாள். விரல் தாராளமாக ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்த அவளால் முடியவில்லை.

"பெண்" என்று சின்ன டாக்டர் மெதுவாகச் சொன்னாள்.

பையின் அடியில் இடது முன்கை எலும்பு இருந்தது. கோணலாகக் கூடியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். விரல் தானாகப் போய் அந்த முண்டில் நின்றது. தேய்த்தது. பத்து வயதிலும் தூங்க வைத்த இடம் அது. கட்டைவிரல் பொய் சொல்லாது. முப்பது வருஷம் முன்னால் பொய் சொன்னது விரல் இல்லை, மனசு. செத்திருக்கக் கூடாது என்று ஆசைப்பட்ட மனசு அம்மாவை ஆம்பளையாக்கிப் பெட்டியில் போட்டு மூடியது. வெளியே போய் ஓடுகாலி என்று திட்டியது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

"எங்கம்மா, டாக்டர்" என்றாள். பிறகு எலும்பைப் பார்த்துப் பேசினாள். "நீ ஓடிட்டேன்னு சொன்னாங்கம்மா. நானும்தான் சொன்னேன்."

சின்ன டாக்டர் அவளைத் தேற்ற வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அவளும் அழுதாள். பிறகு பல்லிலிருந்து கொஞ்சம், எலும்பம்மாவின் எச்சிலில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். ஏழு வாரத்தில் தாள் வந்தது. தாயும் மகளும்தான். எலும்பம்மா பழைய சீட்டில் 'ஆண்' என்பதை அடித்துப் 'பெண்' என்று எழுதினாள். சீட்டில் பெயர் எழுத இடமே கிடையாது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

அந்த முப்பது வருஷத்து விளையாட்டுக்காக லிஃப்ட்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. ஆனால் தாள் வந்த நாளிலிருந்து லிஃப்டில் யாரிடமும் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. அம்மாவை வீட்டுக்கு எடுத்துப் போகும் அன்று மதியம், அவரே கீழே இறங்கி வந்து லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குடு, நான் தூக்கறேன். கனமா இருக்கும்."

"கனமே இல்லீங்க" என்றாள் அவள். உண்மைதான். உலர்ந்த மனித எலும்பு மொத்தமும் ஒரு சட்டிக் கல்லில் கால்வாசி எடைகூட வராது. "நீங்க லிஃப்ட்ல போங்க. நாங்க சரிவுல ஏறி வர்றோம்."

'நாங்க' என்று அவள் சொன்னதை அவர் கவனித்தார். கதவை விட்டார்.

கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் நீண்ட சரிவுப் பாதையில் யாரும் இல்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எலும்பம்மா ஏறத் தொடங்கினாள். பத்தடி போயிருப்பாள். பின்னால் கேட்டது. தட்... சர்ர். தட்... சர்ர். சரிவு என்பதால் இழுக்கும் கால் இன்னும் தாமதமாக வந்தது. மூச்சு வாங்குவதுபோலவும் இருந்தது. இத்தனை வருஷமும் அந்த நடையைக் கேட்டால் அவள் செய்தது ஒன்றுதான், வேகமாக நடந்து வெளியே போய்விடுவாள்.

இன்று அவள் நடையைக் குறைத்துக்கொண்டாள். ஒரு அடி வைத்தாள், நின்றாள். அது வந்து சேரும்வரை காத்திருந்தாள். பிறகு அடுத்த அடி.

"மெதுவா வாம்மா" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "இப்ப தலையில ஒண்ணும் இல்ல."